டிராஃப்டுக்கு முன் கல்லூரி வீரர்களை ஒப்பிடுவது எப்படி? 2017 பட்டியலை வைத்து ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் டிராஃப்டுக்கு (அணிகள் வரிசைப்படி புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வரும் இரண்டு கல்லூரி வீரர்களில் ஒருவர் ஆட்டத்துக்கு 23 புள்ளி எடுக்கிறார், இன்னொருவர் 17. இருவருக்கும் 19 வயது. புள்ளி அதிகம் எடுப்பவரைத்தானே முதலில் எடுக்க வேண்டும்? இல்லையென்றால் எதை வைத்து முடிவு செய்வது?

2017-இல் இதே கேள்வி நிஜமாகவே எழுந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்க்கெல் ஃபுல்ட்ஸ் ஆட்டத்துக்கு 23.2 புள்ளி. டியூக்கின் ஜேசன் டேட்டம் 16.8. முதல் தேர்வு பாஸ்டன் செல்டிக்ஸ் கையில் இருந்தது. அவர்கள் அதை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவது தேர்வையும் பின்னாளில் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டார்கள். ஃபிலடெல்ஃபியா ஃபுல்ட்ஸை எடுத்தது, பாஸ்டன் டேட்டமை எடுத்தது. பிறகு டேட்டம் நட்சத்திரமானார், ஃபுல்ட்ஸ் தடுமாறினார். ஆனால் பிறகு நடந்ததை வைத்து "அப்போதே தெரிந்திருக்க வேண்டும்" என்று பேசுவதில் பயனில்லை. 2017 ஜூன் மாதம் கையில் இருந்த தகவல் எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும். கல்லூரியில் யார் நன்றாக ஆடினார் என்பது ஒரு கேள்வி. அந்த ஆட்டத்தில் எந்தப் பகுதி என்பிஏவுக்குக் கூடவே வரும், எது கல்லூரியோடு நின்றுவிடும் என்பது வேறு கேள்வி. டிராஃப்ட் இரண்டாவது கேள்விக்கானது.

முதலில் களமே மாறுகிறது. 2016-17-இல் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோடு 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. என்பிஏவில் நடுவில் 23 அடி 9 அங்குலம், மூலைகளில் 22 அடி. 2019-20 முதல் கல்லூரிக் கோடும் 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதனால் 2019-க்கு முந்தைய வீரரின் மூன்று புள்ளி சதவீதத்தையும் பிந்தையவருடையதையும் நேரடியாகப் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஆட்ட நேரம் கல்லூரியில் 40 நிமிடம், என்பிஏவில் 48. ஷாட் கிளாக் (ஷாட் போடக் கிடைக்கும் நேரம்) கல்லூரியில் 30 விநாடி, என்பிஏவில் 24. கல்லூரியில் தடுப்பாளர் வளையத்தின் கீழேயே எவ்வளவு நேரமும் நிற்கலாம். என்பிஏவில் யாரையும் மடக்காமல் பெயிண்ட் எனப்படும் வளையத்தடிப் பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் விதிமீறல். இந்தக் கடைசி வித்தியாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை. வளையத்தடியில் நின்றே பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது) சேர்த்த உயரமான சென்டருக்கு அது பாதகம், பந்தோடு உள்ளே வேகமாக ஓடும் சிறிய வீரரான கார்டுக்குச் சாதகம். கல்லூரியில் மூன்று பேர் அடைத்து நின்ற பாதை என்பிஏவில் திறந்து கிடக்கும்.

இனி எண்கள். ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கை அப்படியே எடுக்காமல் நிமிடத்துக்கும் பொசஷனுக்கும் (அணி பந்தை வைத்து ஆடும் ஒவ்வொரு முறைக்கும்) மாற்றுங்கள். ஃபுல்ட்ஸ் ஆட்டத்துக்கு 35.7 நிமிடம் ஆடினார், டேட்டம் 33.3. 40 நிமிடத்துக்கு மாற்றினால் 26.0, 20.2 என்று வருகிறது. 6.4 ஆக இருந்த இடைவெளி 5.8 ஆகிறது, அவ்வளவுதான். இந்த இருவர் விஷயத்தில் நிமிடக் கணக்கு பெரிதாக எதையும் மாற்றவில்லை. பெஞ்சிலிருந்து வந்து 20 நிமிடம் ஆடியவரை ஒப்பிடும்போதுதான் அது பெரிய வேலை செய்யும்.

பொசஷன் கணக்கை நீங்களே போடலாம். அணியின் ஷாட் முயற்சிகளிலிருந்து ஆஃபென்சிவ் ரீபவுண்டை (தவறிய ஷாட்டை அதே அணி மீண்டும் பிடிப்பது) கழித்து, டர்ன்ஓவரை (பந்தை எதிரணியிடம் இழப்பது) கூட்டி, ஃப்ரீ த்ரோ (விதிமீறலுக்குக் கிடைக்கும் தடுப்பில்லாத ஷாட்) முயற்சியை 0.475-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். 60 ஷாட், 10 ஆஃபென்சிவ் ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 60 − 10 + 12 + 9.5 = 71.5 பொசஷன். என்பிஏவுக்கு அந்தப் பெருக்கெண் 0.44. வேகமாக ஓடும் அணியின் வீரருக்கும் பந்தை மெதுவாக நகர்த்தும் அணியின் வீரருக்கும் நடுவே ஆட்டத்துக்கு ஐந்தாறு பொசஷன் வித்தியாசம் சாதாரணமாகவே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் ரீபவுண்டையும் அசிஸ்டையும் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்) ஒப்பிடுவது வீண்.

அடுத்தது ட்ரூ ஷூட்டிங், அதாவது எல்லா வகை ஷாட்டையும் சேர்த்துப் பார்க்கும் திறன் சதவீதம். புள்ளியை, ஷாட் முயற்சியோடு 0.475 மடங்கு ஃப்ரீ த்ரோ முயற்சியைக் கூட்டி இரண்டால் பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும். 17 ஷாட், 6 ஃப்ரீ த்ரோவில் 21 புள்ளி எடுத்தவருக்கு 21 ÷ 39.7, அதாவது சுமார் 53 சதவீதம். 22 ஷாட், 4 ஃப்ரீ த்ரோவில் 24 புள்ளி எடுத்தவருக்கு 24 ÷ 47.8, சுமார் 50. தலைப்புச் செய்தியில் இரண்டாமவர் வருவார். அணிக்கு லாபம் முதலாமவரால்தான்.

இதைப் பார்க்கும்போது பங்கு என்ற விஷயமும் கூடவே வர வேண்டும். அந்த ஆண்டு வாஷிங்டன் 9 வெற்றி, 22 தோல்வி. ஃபுல்ட்ஸைத் தவிரப் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை உருவாக்க ஆளில்லை. எல்லாம் அவர் வழியாகவே போனது. டியூக்கில் டேட்டமுக்குப் பக்கத்தில் 19.5 புள்ளி எடுத்த லூக் கென்னார்ட் இருந்தார், கிரேசன் ஆலன் இருந்தார். ஒரு பந்தை மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் அணியில் 16.8 என்பது சிறிய எண் அல்ல. மறுபக்கமும் உண்டு: தடுப்பாளர்கள் எல்லோரும் தன் மேலேயே கண் வைத்திருக்க, 23 புள்ளி எடுத்தது ஃபுல்ட்ஸின் திறமைதான். பங்கு பெரிதாக இருந்தால் திறன் சதவீதம் குறையும், சிறிதாக இருந்தால் கூடும். ஆகவே யூசேஜ் (அணியின் பொசஷன்களில் அவர் கையில் முடிபவற்றின் பங்கு) 30 சதவீதம் உள்ளவரின் ட்ரூ ஷூட்டிங்கை 18 சதவீதம் உள்ளவருடையதோடு மோதவிடாதீர்கள்.

கென்டக்கி வீரர்களுக்கு இந்தச் சிக்கல் வருடா வருடம் வரும். ஒரே அணியில் நான்கைந்து பேர் டிராஃப்டுக்குப் போகிறவர்கள் என்றால் யாருடைய முழு ஆட்டமும் வெளியே தெரியாது. டெவின் புக்கர் 2014-15-இல் அங்கே பெஞ்சிலிருந்து வந்து 10.0 புள்ளிதான் எடுத்தார், 13-ஆவதாகப் போனார். பேம் அடெபாயோ 2016-17-இல் ஆட்டத்துக்கு 0.8 அசிஸ்ட். 2019-20-இல் என்பிஏவின் மியாமி அணியில் 5.1. பந்து அவரிடம் வந்ததும் வளையத்தில் போடு என்பதுதான் கல்லூரியில் அவருக்குக் கொடுத்த வேலை. செய்யச் சொல்லாத வேலையைச் செய்யவில்லை என்று குறை எழுதுவது ஸ்கவுட்டிங்கில் (வீரர்களை மதிப்பிடும் வேலையில்) அடிக்கடி நடக்கும் பிழை. அடெபாயோ போன்றவரிடம் அசிஸ்ட் எண்ணிக்கையைத் தேடாமல், இரட்டைத் தடுப்பு வந்தபோது பந்தை எங்கே அனுப்பினார் என்று வீடியோவில் பார்க்க வேண்டும்.

இப்போது ஷூட்டிங். ஒப்பீட்டில் அதிகம் ஏமாற்றுவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2017-இல் முதல் ஐந்து தேர்வாகப் போன ஐவரின் கல்லூரிக் கணக்கு:

ஃபுல்ட்ஸ்: மூன்று புள்ளி 121-க்கு 50 (41.3%), ஃப்ரீ த்ரோ 148-க்கு 96 (64.9%)
லான்சோ பால், யுசிஎல்ஏ: மூன்று புள்ளி 194-க்கு 80 (41.2%), ஃப்ரீ த்ரோ 98-க்கு 66 (67.3%)
டேட்டம்: மூன்று புள்ளி 117-க்கு 40 (34.2%), ஃப்ரீ த்ரோ 139-க்கு 118 (84.9%)
ஜாஷ் ஜாக்சன், கேன்சஸ்: மூன்று புள்ளி 90-க்கு 34 (37.8%), ஃப்ரீ த்ரோ 173-க்கு 98 (56.6%)
டியாரன் ஃபாக்ஸ், கென்டக்கி: மூன்று புள்ளி 69-க்கு 17 (24.6%), ஃப்ரீ த்ரோ 201-க்கு 148 (73.6%)

மூன்று புள்ளி எண்ணை மட்டும் பார்த்தால் ஃபுல்ட்ஸும் லான்சோவும் சிறந்த ஷூட்டர்கள், டேட்டம் சுமார், ஃபாக்ஸ் மோசம். ஆனால் 121 முயற்சி என்பது எவ்வளவு சின்ன எண் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சதவீதத்தின் பிழை அளவு: p × (1 − p) ÷ முயற்சி எண்ணிக்கை, அதன் வர்க்கமூலம். ஃபுல்ட்ஸுக்கு அது சுமார் 4.5 சதவீதப் புள்ளி. இருபக்கமும் இரண்டு மடங்கு விட்டால், அவருடைய உண்மைத் திறன் 32-இலிருந்து 50 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். டேட்டமுக்கும் பிழை 4.4. இருவருக்கும் உள்ள 7.1 சதவீதப் புள்ளி வித்தியாசத்தின் பிழையே 6.3 வருகிறது. அதிர்ஷ்டம் கொஞ்சம் இப்படி அப்படி ஆனாலே மறைந்துவிடும் வித்தியாசம் அது.

ஃப்ரீ த்ரோவுக்கும் அதே கணக்கைப் போடுங்கள். ஃபுல்ட்ஸுக்குப் பிழை 3.9, டேட்டமுக்கு 3.0, வித்தியாசத்தின் பிழை சுமார் 5. வித்தியாசமோ 20. பிழையைப் போல நான்கு மடங்கு. இது அதிர்ஷ்டத்தில் வருவதல்ல. ஃப்ரீ த்ரோவில் தடுப்பவர் கிடையாது, தூரம் மாறாது, களைப்பு தவிர வேறு தொந்தரவும் இல்லை. பந்தை விடும் கையின் சுத்தம் மட்டுமே அங்கே அளக்கப்படுகிறது. அதனால்தான் என்பிஏவில் ஒருவர் எப்படி ஷூட் செய்வார் என்பதற்குக் கல்லூரி மூன்று புள்ளி சதவீதத்தோடு ஃப்ரீ த்ரோவையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு வருகிறவர் என்றால் நான் ஃப்ரீ த்ரோவுக்குத்தான் அதிக எடை கொடுப்பேன்.

மூன்று புள்ளிக்கு ஒரு எளிய திருத்தம் உண்டு. எல்லோர் கணக்கிலும் சராசரி ஷூட்டர் ஒருவரின் 100 முயற்சியைச் சேர்த்துவிடுங்கள். அந்தக் காலக் கல்லூரிச் சராசரி 35 சதவீதம் அளவில் இருந்தது, எனவே 100-க்கு 35. ஃபுல்ட்ஸ் 221-க்கு 85, அதாவது 38.5. லான்சோ 39.1. ஜாக்சன் 36.3. டேட்டம் 34.6. ஃபாக்ஸ் 30.8. இடைவெளிகள் சுருங்கிவிட்டன பாருங்கள். முயற்சி அதிகம் செய்த லான்சோவின் எண் குறைவாகவே இறங்குகிறது, 69 முறை மட்டுமே போட்ட ஃபாக்ஸ் அதிகம் ஏறுகிறார். அதுதான் வேண்டும். 100 என்ற எண் வேதவாக்கு அல்ல. 150 வைத்தாலும் வரிசை இதேதான்.

முதல் என்பிஏ பருவத்தில் டேட்டம் மூன்று புள்ளியில் 43.4 சதவீதம். லான்சோ 30.5, ஃப்ரீ த்ரோ 45.1. ஜாக்சன் மூன்று புள்ளியில் 26.3. ஃபாக்ஸ் 30.7, அடுத்த ஆண்டே 37.1. ஃப்ரீ த்ரோ சொன்ன திசையிலேயே நால்வரும் போனார்கள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் அது நேர்மையான வாசிப்பு ஆகாது. ஃபுல்ட்ஸ் முதல் ஆண்டில் 14 ஆட்டம்தான் ஆடினார். 2018 டிசம்பரில் அவருக்குத் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம், அதாவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பு அழுத்தப்படும் கோளாறு, இருப்பதாகத் தெரியவந்தது. அவருடைய வீழ்ச்சியை 64.9 என்ற எண்ணின் தலையில் கட்டுவது தவறு. லான்சோவும் அப்படியே நின்றுவிடவில்லை. ஷாட் முறையை மாற்றிக்கொண்டு 2019-20-இல் 37.5, 2021-22-இல் 42.3 என்று ஏறினார். ஃப்ரீ த்ரோ காட்டுவது தொடங்கும் இடத்தை, எல்லையை அல்ல.

லான்சோவின் பழைய ஷாட்டை வீடியோவில் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். பந்தை வலது தோளுக்கு நேரே தூக்காமல் இடது கன்னத்துக்கு அருகே கொண்டுபோய் அங்கிருந்து விடுவார். நின்று போடும்போது அது செல்லும், கோட்டுக்கு வெகு பின்னாலிருந்தும் விழும். ஆனால் வலப்பக்கம் டிரிபிள் செய்துகொண்டு (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு) போகும்போது பந்தை உடலின் குறுக்கே முழுக்க இழுத்துவர வேண்டும். அதற்குள் தடுப்பாளர் வந்துவிடுவார். சதவீதத்தோடு "எந்த வகை ஷாட்" என்று கேட்பது இதற்காகத்தான். பாஸ் வாங்கி அப்படியே போட்டதா, டிரிபிளிலிருந்து போட்டதா? கால்கள் நின்றிருந்தனவா, ஓட்டத்திலா? மூன்று புள்ளி முயற்சிகளில் பெரும்பாலானவை பாஸ் வாங்கிப் போட்டவை என்றால், அவரைப் பந்து கையாளும் கார்டாக எடுப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

இதே பாடத்துக்கு 2020-இலும் ஒரு சாட்சி உண்டு. கென்டக்கியின் டைரீஸ் மேக்ஸி மூன்று புள்ளியில் 29.2 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 83.3. 21-ஆவது தேர்வு வரை கீழே போனார். இரண்டாவது என்பிஏ பருவத்தில் மூன்று புள்ளியில் 42.7.

ஃப்ரீ த்ரோவிலும் எண்ணிக்கை குறைவாக இருக்கும் வீரர்கள் வருவார்கள். பருவம் முழுக்க 50 முறைகூடக் கோட்டுக்குப் போகாதவரின் 80 சதவீதத்துக்கு மதிப்பு குறைவு. அப்போது உயர்நிலைப் பள்ளி, கோடைகால ஏஏயூ (பள்ளி வயதினருக்கான கிளப்) ஆட்டங்கள், 19 வயதுக்குட்பட்ட தேசிய அணி ஆட்டங்கள் எல்லாவற்றின் ஃப்ரீ த்ரோவையும் கூட்டிக்கொள்ளுங்கள். கோடு எல்லா இடத்திலும் 15 அடிதான், எனவே கூட்டுவதில் தவறில்லை. மூன்று புள்ளிக்கு இப்படிச் செய்ய முடியாது, ஒவ்வொரு இடத்திலும் தூரம் வேறு.

வயதுக்கு வருவோம். அதே 2017 கேன்சஸ் அணியில் இருவர். ஃபிராங்க் மேசன் 20.9 புள்ளி, 5.2 அசிஸ்ட், மூன்று புள்ளியில் 47.1 சதவீதம், நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது. ஜாஷ் ஜாக்சன் அந்த அணியில் இரண்டாவது ஆள். ஜாக்சன் 4-ஆவதாகப் போனார், மேசன் 34-ஆவதாக. மேசன் பிறந்தது 1994 ஏப்ரல், டிராஃப்ட் அன்று வயது 23, உயரம் 5 அடி 11 அங்குலம். முதலாண்டில் அவர் எடுத்தது ஆட்டத்துக்கு 7.9 புள்ளி. 23 வயதுக்காரர் 18, 19 வயதுப் பையன்கள் மத்தியில் ஆடும்போது உடல் பலமும் அனுபவமும் சேர்ந்து எண்களை ஊதிவிடும். என்பிஏவில் எதிரே நிற்பவர்கள் எல்லோருமே வளர்ந்த ஆட்கள், அந்தச் சாதகம் அங்கே இல்லை.

ஆகவே நான்காம் ஆண்டு மாணவரை முதலாம் ஆண்டு மாணவரோடு ஒப்பிடுவதானால், நான்காம் ஆண்டுக்காரரின் முதலாண்டுக் கணக்கை எடுத்து வையுங்கள். அதுதான் சம வயது ஒப்பீடு. வகுப்பை வைத்து வயதை ஊகிக்கவும் வேண்டாம், பிறந்த தேதியையே பாருங்கள். ஜாக்சன் முதலாம் ஆண்டு மாணவர்தான், ஆனால் 1997 பிப்ரவரியில் பிறந்தவர், டிராஃப்ட் அன்று 20 முடிந்துவிட்டது. டேட்டம் 1998 மார்ச், ஃபுல்ட்ஸ் 1998 மே. ஒரே வகுப்பில் ஒரு வருடத்துக்கு மேல் வித்தியாசம்! அந்த வயதில் ஒரு வருடம் என்பது பெரிய விஷயம்.

வயது கூடினால் ஒதுக்கிவிடு என்று இதற்கு அர்த்தமில்லை. டேமியன் லில்லார்ட் வீபர் ஸ்டேட்டில் நான்கு ஆண்டு இருந்துவிட்டு 2012-இல் 6-ஆவதாகப் போனார். 2017-இலேயே கைல் குஸ்மா 27-ஆவது, டெரிக் வைட் 29-ஆவது, ஜாஷ் ஹார்ட் 30-ஆவது. மூவருமே 21, 22 வயதுக்காரர்கள், மூவரும் தாங்கள் போன இடத்தைவிட அதிகம் கொடுத்தார்கள். முதல் ஐந்தில் வயது மிக முக்கியம், ஏனென்றால் அங்கே தேடுவது உச்சத்தை. 20-க்குப் பிறகு தேடுவது ஆடத் தெரிந்த ஆளை, அங்கே வயதுக்காகத் தண்டிப்பதைப் பாதியாகக் குறைக்கலாம். கொரோனாவுக்குப் பிறகு கிடைத்த கூடுதல் ஆண்டும், 2021 முதல் தளர்ந்த டிரான்ஸ்ஃபர் (கல்லூரி மாறும்) விதியும், மாணவர்களுக்கு வரும் விளம்பரப் பணமும் சேர்ந்து 23, 24 வயதுக் கல்லூரி வீரர்களை அதிகமாக்கிவிட்டன. ஆகவே இப்போது எதிரணியின் வயதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வளர்ந்த ஆட்களை எதிர்த்து 18 வயதில் எண்கள் சேர்ப்பது முன்பைவிடக் கடினம்.

உடல் அளவுகளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எந்த அளவு என்பதில் கவனம் வேண்டும். கல்லூரி இணையதளத்தில் உள்ள உயரம் ஷூவோடு, பெரும்பாலும் ஒரு அங்குலம் கூட்டி. மே மாதம் சிகாகோவில் நடக்கும் டிராஃப்ட் கம்பைன் என்ற சோதனை முகாமில் வெறுங்காலில் அளக்கிறார்கள், அதைத்தான் எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம் இரு கைகளையும் விரித்தால் வரும் நீளமும், நின்றபடி ஒரு கையைத் தூக்கினால் எட்டும் உயரமும். என்பிஏவுக்கு வருபவர்களின் கைவிரிப்பு உயரத்தைவிடச் சராசரியாக 4 அங்குலம் அளவில் அதிகம் இருக்கும். டோனவன் மிட்செல் வெறுங்காலில் 6 அடி 1 அங்குலத்துக்குச் சற்று மேல், கைவிரிப்பு 6 அடி 10. உயரத்தை மட்டும் பார்த்தவர்களுக்குச் சின்ன ஷூட்டிங் கார்டு. கையைப் பார்த்தவர்களுக்கு இரண்டு இடங்களையும் மடக்கக்கூடியவர். 13-ஆவது தேர்வில் டென்வர் எடுத்து யூட்டாவுக்குக் கொடுத்துவிட்டது.

பளு தூக்குவதையெல்லாம் பெரிதாக எடுக்காதீர்கள். 2007-இல் கெவின் டுராண்ட் 185 பவுண்டை ஒருமுறைகூடத் தூக்கவில்லை என்று பெரிய பேச்சாக இருந்தது. டெக்சஸில் அவர் எடுத்த 25.8 புள்ளியும் 11.1 ரீபவுண்டும் அந்தப் பேச்சில் மறைந்தே போயின.

ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் இரண்டும் தடுப்பைவிட, கை வேகத்தையும் எதிர்பார்க்கும் புத்தியையும் காட்டும் குறிகள். கார்டுக்கு ஸ்டீலும், பக்கவாட்டில் ஆடும் விங் வீரருக்கு இரண்டும் சேர்ந்து வருவதும் நல்ல அறிகுறி. ஆனால் அணி எந்தத் தடுப்பு முறை ஆடுகிறது என்று பார்த்த பிறகே எண்ணை நம்புங்கள். மட்டீஸ் தைபுல் 2018-19-இல் வாஷிங்டனில் ஆட்டத்துக்கு 3.5 ஸ்டீல், 2.3 பிளாக். அந்த அணி ஆடியது ஸோன், அதாவது ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் தடுப்பு. ஸோனில் பாஸ் வரும் வழியைக் காத்திருந்து பறிக்கலாம், ஆள் பிடித்து ஆடுவதில் அந்த வசதி குறைவு. தைபுல் விஷயத்தில் திறமை நிஜமாகவே இருந்தது, என்பிஏவிலும் தடுப்பில் பெயர் எடுத்தார். எல்லா ஸோன் அணி வீரர்களுக்கும் அப்படி ஆகாது. அவர்களுடைய வீடியோவில் ஒருவரோடு ஒருவர் மோதும் தருணங்களைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

எதிரணியின் தரம் அடுத்தது. பார்ட் டோர்விக் என்ற கல்லூரிக் கூடைப்பந்துப் புள்ளிவிவரத் தளத்தில், வலுவான அணிகளுக்கு எதிரான ஆட்டங்களை மட்டும் பிரித்து ஒரு வீரரின் கணக்கைப் பார்க்க முடியும். வளையத்தடி ஷாட், டங்க், தூர இரண்டு புள்ளி என்று பிரித்தும் தருகிறது. சிறிய கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் போட்டிக் குழு) வீரருக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். அப்படிப் பிரித்தால் ஏழெட்டு ஆட்டம்தான் மிஞ்சும், அதில் மூன்று புள்ளி சதவீதத்தைப் பார்க்கவே வேண்டாம். டர்ன்ஓவர், வளையம் வரை போன எண்ணிக்கை, ஃப்ரீ த்ரோ முயற்சி ஆகிய மூன்றைப் பாருங்கள். வலுவான தடுப்பின் முன்னால் இவை தாங்கி நின்றால் கான்ஃபரன்ஸ் சின்னது என்ற குறையைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். மர்ரே ஸ்டேட்டின் ஜா மொரான்ட் 2018-19-இல் ஆட்டத்துக்கு 24.5 புள்ளி, 10.0 அசிஸ்ட். கான்ஃபரன்ஸைக் காரணம் காட்டி அவரைக் கீழே தள்ளியிருந்தால் நஷ்டம் தள்ளியவர்களுக்குத்தான்.

மார்ச் மாத என்சிஏஏ போட்டி (கல்லூரிகளின் தேசிய நாக்-அவுட்) தேவைக்கு மேல் எடை பெறும் இடம். 2017 மார்ச் 24 அன்று கென்டக்கி யுசிஎல்ஏவை 86-75 என்று வென்றது. ஃபாக்ஸ் 39 புள்ளி, லான்சோ 10. அன்றைக்கு எல்லோரும் ஃபாக்ஸை மேலே தூக்கினார்கள். அதே பருவம் டிசம்பரில் அதே அணிகள் மோதி யுசிஎல்ஏ 97-92 என்று வென்றிருந்தது, அது யார் நினைவிலும் இல்லை. அந்த மார்ச் ஆட்டத்திலிருந்து 39 என்ற எண்ணை எடுப்பது பயனற்றது. ஃபாக்ஸ் எப்படி எடுத்தார் என்பதுதான் பயன்: முதல் அடியிலேயே தடுப்பவரைத் தாண்டினார், திரும்பத் திரும்ப உள்ளே போய் ஃப்ரீ த்ரோ வாங்கினார். என்பிஏவுக்குக் கூடவே வரும் திறமை அது. அதே ஆட்டத்தில் லான்சோ அரைக்களத்தில் தன் ஆளைத் தனியாகத் தாண்ட முடியாமல் நின்றதும் ஒரு தகவல்தான்.

வீடியோ பார்ப்பதற்கு ஒரு முறை வேண்டும். சிறப்புத் தொகுப்புகளைப் பார்க்காதீர்கள், அதில் எல்லோரும் மைக்கேல் ஜோர்டான்தான். ஒரு வீரருக்கு மூன்று முழு ஆட்டங்கள் போதும்: அவர் நன்றாக ஆடியது, மோசமாக ஆடியது, வலுவான அணிக்கு எதிரானது. மோசமான ஆட்டத்தை முதலில் பாருங்கள். ஷாட் விழாத நாளில் தடுப்பில் ஓடுகிறாரா, பாஸ் கொடுக்கிறாரா, தலையைத் தொங்கப்போடுகிறாரா என்பது அதில்தான் தெரியும். பந்து கையில் இல்லாத நேரத்தில் கண்ணை அவர் மேலேயே வையுங்கள். குறித்துக்கொள்ள வேண்டியவை: பிக் அண்ட் ரோலில் (சக வீரர் திரைபோல நின்று தடுப்பாளரை மறித்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டம்) தடுப்பாளர் திரைக்குக் கீழே புகுந்து போனால் ஷாட் போடுகிறாரா, தயங்குகிறாரா, பலவீனமான கையால் லேஅப் முடிக்கிறாரா, அந்தப் பக்கம் போனாலும் நல்ல கைக்கு மாற்றுகிறாரா, மூலையில் நிற்கும் ஷூட்டரை நோக்கி ஓடிவந்து மடக்கும்போது நிற்க முடிகிறதா, தாண்டிப் போய்விடுகிறாரா, பந்து பறிபோன அடுத்த மூன்று விநாடி எங்கே இருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை, அதில் எத்தனை சரி என்று எண்ணி எழுதுங்கள். "நல்ல உணர்வுள்ளவர்" என்று எழுதினால் அடுத்த வாரம் அதற்கு அர்த்தமே இருக்காது.

மருத்துவ அறிக்கை அணிகளுக்குத்தான் கிடைக்கும், நமக்குக் கிடைக்காது. ஆனாலும் அதன் நிழலைப் பார்க்கலாம். எல்லோரும் முதல் ஐந்தில் வைத்த ஒருவர் டிராஃப்ட் இரவில் திடீரென்று இறங்கினால் பெரும்பாலும் காரணம் அதுதான். 2018-இல் மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் முதுகு அறுவை சிகிச்சையால் மிசௌரியில் மூன்று ஆட்டம் மட்டுமே ஆடி, 14-ஆவது வரை போனார். 2007-இல் முதலாவதாகப் போன கிரெக் ஓடனுக்கு முதல் பருவம் தொடங்கும் முன்பே முழங்கால் அறுவை சிகிச்சை. தெரியாத விஷயத்துக்கு எண் போட முடியாது. அதனால் காயம் கண்ட வீரரை உங்கள் பட்டியலில் ஒரு படி இறக்கி, காரணத்தை எழுதிவையுங்கள்.

கடைசியில் 1, 2, 3 என்று வரிசை போடாமல் படிகளாகப் பிரியுங்கள். இவ்வளவு பிழை அளவுள்ள எண்களை வைத்து 3-க்கும் 4-க்கும் நடுவே கோடு கிழிப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. 2017 ஜூன் தகவலை மட்டும் வைத்தால் ஃபுல்ட்ஸ், லான்சோ, டேட்டம், ஃபாக்ஸ் நால்வரும் ஒரே படி. 56.6 சதவீத ஃப்ரீ த்ரோவோடும் 20 வயதோடும் வந்த ஜாக்சன் என் பார்வையில் அதற்கு ஒரு படி கீழ். ஃபுல்ட்ஸை முதலில் வைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல, பாஸ் கொடுக்கவும் புள்ளி எடுக்கவும் தெரிந்த 19 வயது கார்டு அவர். ஆனால் ஒரே படியில் நான்கு பேர் இருக்கும்போது, அந்தப் படிக்குள்ளேயே இரண்டு இடம் மேலே ஏற இன்னொரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுப்பது மோசமான வியாபாரம். ஃபுல்ட்ஸ் ஆரோக்கியமாக இருந்திருந்தாலும் அப்படித்தான். பாஸ்டனுக்குக் கிடைத்த அந்தத் தேர்வு 2019-இல் 14-ஆவது இடத்தில் வந்து ரோமியோ லாங்ஃபோர்டாக ஆனது. அவர் பெரிதாக வரவில்லை என்பது வேறு கதை.

படிக்குள் முடிவெடுக்கும்போது அணியின் தேவையைப் பார்க்கலாம். படியைத் தாண்டித் தேவையைப் பார்க்கக் கூடாது. 2009-இல் மினசோட்டா 5, 6 இரண்டிலும் பாயின்ட் கார்டுகளை எடுத்தது: ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின். 7-ஆவதாக ஸ்டீபன் கறி போனார், டேவிட்சன் கல்லூரியில் 28.6 புள்ளியோடு நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர். இரண்டு கார்டு எடுத்தது தவறில்லை, எந்த இருவர் என்பதில்தான் தவறு.

உங்கள் கேள்வியில் உள்ள 23-ம் 17-ம் எந்த அணிகளில் வந்தவை என்று முதலில் பாருங்கள். பிறகு இருவரின் பிறந்த தேதி, ஃப்ரீ த்ரோ முயற்சியும் சதவீதமும், 100 சேர்த்த மூன்று புள்ளி, வலுவான அணிகளுக்கு எதிரான டர்ன்ஓவர், வெறுங்கால் உயரமும் கைவிரிப்பும், மூன்று ஆட்டக் குறிப்பு என்று ஒரே தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். பெரும்பாலான ஜோடிகளில் ஆறு புள்ளி இடைவெளி அந்தத் தாளில் எங்கே போனது என்றே தெரியாது. தாளில் தேதி போட்டு வையுங்கள். முதல் சுற்று வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு வரை போகும், கடைசி இரண்டு ஆண்டு அணியின் விருப்பம். அதற்கு முன் அந்தத் தாளைத் திருத்த உட்காராதீர்கள். முதலாண்டு எண்களை வைத்துத் திருத்தியிருந்தால் ஃபாக்ஸையும் லான்சோவையும் ஷூட் செய்யவே தெரியாதவர்கள் என்று எழுதியிருப்போம்.